கப்பலில் அடிபட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கப்பலைத் துறையில் கட்டும்போது விறைத்து நிற்கும் வடம் அறுந்தால், அது திரும்பி வீசும் வேகத்தில் கால் எலும்பு முறிந்துவிடும். அன்று இரவே அதிகாரி ஒருவர் விபத்து அறிக்கையை நிரப்பி எடுத்துவந்து கட்டிலருகே நீட்டுவார். காரணம் என்ற கட்டத்தில், ஊழியரின் கவனக்குறைவு என்று ஆங்கிலத்தில் ஒரே வரி இருக்கும். வலிக்குப் போட்ட ஊசி மயக்கத்தில் கையெழுத்துப் போட்டவர், ஊருக்கு வந்தபின் "என் தப்புதானே, யாரிடம் போய்க் கேட்பது" என்று சும்மா இருந்துவிடுகிறார்.

கேட்கலாம். வணிகக் கப்பல் ஊழியர்களின் உரிமைகளைச் சொல்வது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006. கப்பல்காரர்கள் எம்.எல்.சி. என்பார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த இந்த உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது; அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து நம்மையும் கட்டுப்படுத்துகிறது. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய நாடுகளில் பதிவாகி அந்தக் கொடிகளின்கீழ் ஓடும் கப்பல்களும் இதற்குள் அடக்கம்.

இதன்படி, வேலைக்காலத்தில் ஏற்படும் காயத்துக்கும் நோய்க்கும் கப்பல் உரிமையாளர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க ஒரு நாட்டின் சட்டத்துக்கு மூன்று இடங்களில்தான் அனுமதி உண்டு: கப்பல் பணிக்குத் தொடர்பில்லாமல் பட்ட அடி, வேண்டுமென்றே செய்த முறைகேடு, வேலைக்குச் சேரும்போதே தெரிந்து மறைத்த நோய். கவனக்குறைவு இந்த மூன்றில் எதிலும் வராது. ஆகவே அந்த ஒற்றை வரியைக் காட்டிச் சிகிச்சைச் செலவையோ சம்பளத்தையோ நிறுத்த முடியாது. ஆனால் பிற்பாடு நீதிமன்றத்தில் கூடுதல் நஷ்டஈடு கேட்டால் அதே வரி குறுக்கே வந்து நிற்கும். வடம் நைந்திருந்தது, போசனிடம் (தளத்து ஊழியர்களின் மேற்பார்வையாளர்) முன்பே சொல்லியிருந்தேன் என்றால் அதை உங்கள் வார்த்தையில் அறிக்கையிலேயே எழுதுங்கள். எழுத விடவில்லையா, கையெழுத்துக்குப் பக்கத்தில் "இதை ஏற்கவில்லை" என்று குறித்துவிடுங்கள்.

சிகிச்சை, மருந்து, ஊரை விட்டு வெளியில் தங்கிப் பார்க்க வேண்டியிருந்தால் அங்கே உணவும் தங்குமிடமும், எல்லாம் கம்பெனி செலவு. குணமாகும்வரை, அல்லது இது நிரந்தர ஊனம் என்று அறிவிக்கும்வரை இது தொடரும். நாட்டுச் சட்டம் இதற்குக் கெடு வைக்கலாம், ஆனால் 16 வாரங்களுக்குக் குறையக்கூடாது. கப்பலில் இருக்கும்வரையும், அங்கிருந்து ஊருக்கு அனுப்பிவைக்கும்வரையும் முழுச் சம்பளம். வீடு வந்தபின் முழுதாகவோ ஒரு பகுதியோ, ஒப்பந்தமும் சட்டமும் சொல்கிறபடி. அதிலும் அதே 16 வாரக் கணக்குதான் குறைந்தபட்சம். தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இதைவிட அதிகமாகவே கிடைக்கலாம்.

சரக்குக் கப்பலில் டாக்டர் இருக்க மாட்டார். மூன்று நாளுக்கு மேல் நீளும் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் 100 பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் டாக்டர் கட்டாயம். மற்றவற்றில் மருந்துப் பெட்டியும் முதலுதவி படித்த ஓர் அதிகாரியும்தான் கதி. நடுக்கடலில் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாக மருத்துவ ஆலோசனை 24 மணி நேரமும் எந்தக் கொடிக் கப்பலுக்கும் இலவசம். துறைமுகம் வந்ததும் முடிந்த அளவு தாமதமில்லாமல் டாக்டரைப் பார்ப்பது உங்கள் உரிமை. "அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கேப்டன் தள்ளிப்போட்டால், டாக்டர் வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வேலையை முடித்துக் கப்பலிலிருந்து இறங்கும்போது போடும் சைன் ஆஃப் தாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறங்கும் காரணம் என்ற இடத்தில் "சொந்த விருப்பம்" என்று இருந்தால் விமானச் செலவு, நோய்க்காலச் சம்பளம் இரண்டுக்குமே வம்பு வரும். "மருத்துவக் காரணம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊனத்துக்கும் உயிரிழப்புக்கும் எவ்வளவு தொகை என்பதை வேலை ஒப்பந்தமே சொல்லும். அது கைக்கு வருமா என்ற கவலைக்கு 2017 ஜனவரியில் ஒரு பதில் வந்தது. அதுமுதல், இந்தத் தொகைக்கு உரிமையாளர் காப்பீடு வைத்திருப்பதற்கான சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். மெஸ்ஸுக்குப் போகும் வழியில் ஆங்கிலத்தில் தொங்கும் அந்தக் காகிதத்தை யாரும் நின்று படிப்பதில்லை. காப்பீடு தருபவரின் பெயர், முகவரி, கப்பலின் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து சைன் ஆன் ஆன அன்றே போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கம்பெனி கைவிரித்தால், அடிபட்டவரோ அவருடைய வாரிசோ காப்பீட்டாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். முழுத் தொகையையும் தாமதமின்றித் தர வேண்டும், குறைத்து வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது என்பதும் விதி. ஊனத்தின் அளவு தெரிய நாளாகும் என்றால் இடைக்காலத் தொகை உண்டு.

பணம் தரும்போது ஒரு ரசீதில் கையெழுத்து கேட்பார்கள். எம்.எல்.சி.யின் இணைப்பிலேயே மாதிரி ரசீது இருக்கிறது. கம்பெனியின் அலட்சியத்துக்காகப் பின்னால் வழக்குப் போடும் உரிமை இதனால் பறிபோகாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கம்பெனி நீட்டும் தாளில் அந்த வாக்கியம் இல்லாமல், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

புகாரைக் கப்பலிலேயே கொடுக்கலாம், அதற்காகப் பழிவாங்கக் கூடாது. துறைமுக நாட்டின் அதிகாரியிடமும் சொல்லலாம். இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இருக்கிறது. அதன் உரிமம் பெற்ற ஏஜென்ட் மூலம் போயிருந்தால் அவரையும் பதில் சொல்ல வைக்கலாம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு உரிமமில்லாமல் அனுப்பும் ஏஜென்டோ, விபத்து என்றதும் போனையே எடுக்க மாட்டார். வேலை வாங்கித் தர ஊழியரிடம் கட்டணம் வாங்குவதையே எம்.எல்.சி. தடுக்கிறது.

மீன்பிடிக் கப்பல்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாரம்பரிய முறையில் கட்டிய கலங்களும் விலக்கு என்பதால், தூத்துக்குடித் தோணிக்காரர்கள் நிலையும் அதேதான்.

கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டின் கடல்சார் அதிகார வரம்புச் சட்டப்படி, கப்பல் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள காயத்துக்கோ உயிரிழப்புக்கோ அந்தக் கப்பல் மீதே உரிமை கோரலாம். அது சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்து நிற்கும்போது, நகராமல் தடுத்து வைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட முடியும். கப்பல் கைமாறினாலும் இந்த உரிமை அதைத் தொடரும். ஆனால் ஓராண்டுக்குள் கப்பலைப் பிடித்தாக வேண்டும்.