பட்ஜெட்டுக்குப் பாதீடு என்று சொல்லலாமா?

மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தில் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கவுன்சிலர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கள் வார்டு பள்ளிக்கு பட்ஜெட்டில் என்ன இருக்கிறது? கூரையில் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது, அதற்கு நேர் கீழே இருந்த இரண்டு பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் பாடம் நடக்கிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதற்கெல்லாம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவர்கள் கேட்பது கணக்கு அல்ல, பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு சொல்லுக்கு வருவோம்.

பட்ஜெட் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. பழைய பிரெஞ்சில் பூஜெத் என்றால் சின்னத் தோல்பை. அதற்கும் முன்னால் லத்தீனில் புல்கா, அதுவும் தோல்பைதான். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருப்பார்களே சுருக்குப்பை, வெற்றிலையும் சில்லறையும் மடித்த ரசீதும் ஒன்றாகக் கிடக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒன்று. இங்கிலாந்தில் நிதிப் பொறுப்பில் இருந்தவர் வரித் திட்டங்களை வெளியிடுவதைப் 'பையைத் திறக்கிறார்' என்று சொல்லும் வழக்கம் வந்தது. 1733இல் அந்தப் பொறுப்பில் இருந்த வால்போலின் வரித் திட்டத்தைத் தாக்கி வந்த ஒரு துண்டு வெளியீட்டின் தலைப்பே 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்பதுதான். அப்புறம் பை மறைந்துபோய், உள்ளே இருந்த காகிதத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. வரவு செலவுத் திட்டம் எல்லோருக்கும் புரியும், மளிகைக் கடைக்காரருக்கும் புரியும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர. நிதிநிலை அறிக்கை சட்டத்துக்கு மிக நெருக்கமானது. இந்திய அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு சொல்வது ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான், பட்ஜெட் என்ற சொல்லே அங்கே கிடையாது. ஆனால் அது ஓர் ஆவணத்தின் பெயர். மன்றத்தில் உட்கார்ந்து இந்தப் பள்ளிக்கு இவ்வளவு, அந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்களே, அந்த வேலையை அது சொல்லவில்லை.

அதைச் சொல்வது பாதீடு. இலங்கைத் தமிழ்ச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது பழகிய சொல், தமிழ்நாட்டில்தான் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. பாத்தல் என்றால் பகுத்தல். குறளில் வரும் பாத்தூண், பகுத்து உண்ணுதல். பாதி என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பம். பாதீடு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, பகைவர் மாடுகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக: கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, ஊரில் நிறுத்திப் பங்கிடுவது. புறப்பொருள் வெண்பாமாலை அந்தப் பங்கு யார் யாருக்குப் போனது என்றும் சொல்கிறது. வாள் எடுத்துப் போரிட்டவருக்கு மட்டுமில்லை, ஒற்றறிந்து வந்து சொன்னவருக்கும், புள் நிமித்தம், அதாவது பறவைச் சகுனம், பார்த்துச் சொன்னவருக்கும் உண்டு. ஆக யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்ற மூன்றும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை.

நல்ல பாதீடு எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு, அதாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் அது போனது. 1925இல் நின்றுவிட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு தடுத்துவிட்டது. எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்ற ஒரு வரியால் பிள்ளைகள் தட்டு காலியானது, யோசித்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. இன்றும் பள்ளிக் கட்டடங்களுக்கு இதே சிக்கல் உண்டு. புதுக் கட்டடம் மூலதனச் செலவு, கூரைப் பூச்சு பராமரிப்புச் செலவு, இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பு. புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப் பலகை உண்டு. ஒழுகும் கூரையை அடைப்பதற்கு அதெல்லாம் இல்லை, அதனால் அந்தப் பங்கை யாராவது எழுந்து நின்று கேட்டால்தான் கிடைக்கும்.

சரி, எல்லா இடத்திலும் பாதீடு பொருந்துமா? பொருந்தாது. 'பட்ஜெட் போன்' என்பதைப் பாதீட்டுப் போன் என்று எழுதினால் யாருக்கும் புரியாது, அங்கே விலை குறைந்த போன் என்றே எழுதலாம். 'பட்ஜெட் இடிக்கிறது' என்பதற்குக் கட்டுப்படியாகவில்லை என்ற நல்ல சொல் நம் வாயிலேயே இருக்கிறது. மன்றம் பணத்தைப் பிரித்து ஒதுக்கும் இடத்தில் மட்டும் பாதீடு. வீடு, வீட்டை, வீட்டில் என்று சொல்வது போலவே பாதீடு, பாதீட்டை, பாதீட்டில். கல்விப் பாதீடு, பாதீட்டுக் கூட்டம், பாதீட்டு உரை.