புரட்டாசியில் வந்த மீன் வாடை

போன புரட்டாசியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குச் சித்தி போன் செய்தார். "கண்ணு, ரெண்டு நாளா வீட்டுக்குள்ள மீன் வாடை அடிக்குது. இந்த மாசம் கவுச்சியே வாங்கறதில்ல. பூனை ஏதாச்சும் கொண்டாந்து போட்டுருச்சான்னு பரண் வரைக்கும் பார்த்துட்டேன், ஒண்ணையும் காணோம்."

எந்நேரத்தில் அடிக்கிறது என்று கேட்டேன். "காலைலதான். உங்க சித்தப்பா குளிக்கப் போற நேரத்துக்கு."

எனக்கு அது போதுமாக இருந்தது. "கீசரை ஆஃப் பண்ணுங்க சித்தி. நான் வர்ற வரைக்கும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சுவிட்ச், சாக்கெட் செய்கிற சில பிளாஸ்டிக்குகள் சூடேறிக் கருகும்போது அச்சு அசலாக மீன் நாற்றம்தான் வரும். மின் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் பலர் இந்த வாடையை ஒரு தடவையாவது பிடித்திருப்பார்கள்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கீசர் பிளக்கை உருவினேன். வரவில்லை. ஒரு பின், சாக்கெட்டோடு சேர்ந்து உருகி ஒட்டியிருந்தது. பிளேட்டைக் கழற்றியதும் கதை புரிந்தது. சாக்கெட்டின் துளைக்குள் ஒயர் முழுசாக நுழையவில்லை என்று, வயரிங் செய்தவர் செம்பு இழைகளில் பாதியை வெட்டி விட்டிருக்கிறார். மிச்ச இழைகளிலும் திருகு நன்றாகக் கவ்வியிருந்தது இரண்டு மூன்றைத்தான். மற்றவை கறுத்துப்போய்ச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. ஒயரின் பச்சை உறை இரண்டு விரற்கடைக்குக் கருகியிருந்தது. பச்சை ஒயர் எர்த்துக்கு உரியது, அதை ஏன் நியூட்ரலுக்குப் போட்டார் என்பது வேறு வழக்கு.

சித்தி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். "போன வருசமே அந்த ட்ரிப்பரை மாட்டிட்டமே கண்ணு? இதை மாட்டினா மின்கசிவால தீப்பிடிக்காதுன்னு வீடியோவுல சொன்னாங்களே?"

அவர் மாட்டியது ஆர்.சி.சி.பி. நல்ல கம்பெனி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற சரியான ரகம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது செய்கிற வேலையே வேறு. ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று, பஸ்ஸில் தலை எண்ணும் கண்டக்டர் மாதிரி அது பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால், அதாவது கரண்ட் கிரைண்டரின் உடம்பு வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ தரைக்கு ஓடினால், கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மின்கசிவு என்றால் உண்மையில் இதுதான். எம்.சி.பி.யின் வேலை இன்னொன்று. ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் (அதுதான் ஷார்ட் சர்க்யூட்), அல்லது ஒயர் தாங்குவதைவிட அதிகமாக இழுத்தால் விழும். அது ஒயரைக் காப்பாற்றுகிறது, ஆளை அல்ல.

சித்தி வீட்டில் இரண்டுமே நடக்கவில்லை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். போனது அவ்வளவும் திரும்பி வந்தது, அதனால் ஆர்.சி.சி.பி.க்குப் புகார் இல்லை. 8.7 ஆம்பியர் என்பது 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தத் தளர்ந்த திருகில் அரை ஓம் தடை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி அதில் பாதி எடுத்தால் கிட்டத்தட்ட 38 வாட், அவ்வளவும் அந்தத் திருகில் சூடாக வரும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பலதும் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றை ஆன் செய்து சுவருக்குள் ஒளித்துவைத்த மாதிரி. கீசருக்குக் குறைவது நாலரை வோல்ட்டுக்கும் கம்மி, தண்ணீர் எப்போதும்போலச் சுடும். யாருக்குத் தெரியும்?

இதற்கு நாங்கள் சொல்லும் பெயர் லூஸ் கனெக்‌ஷன். தள்ளுவண்டிக்காரருக்கும் தெரிந்த சொல். ஆனால் தீ விபத்துச் செய்தி எதிலாவது இதைப் படித்திருக்கிறீர்களா? ஜவுளிக்கடை எரிந்தாலும், குடிசை எரிந்தாலும், குடோன் எரிந்தாலும் ஒரே வாக்கியம்: "மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." தீயணைப்பு வண்டி கிளம்புவதற்கு முன்பே டிவியில் கீழே ஓடிவிடும். இரண்டாம் கட்ட விசாரணையில் என்ன தெரியவந்தது என்று ஒரு செய்தியும் நான் பார்த்ததில்லை. ஈரமான இன்சுலேஷன் வழியாகக் கரண்ட் கசிந்து தீப்பிடிப்பது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கென்றே 300 மில்லி ஆம்பியர் கருவிகள்கூட இருக்கின்றன. ஆனால் ஷார்ட், ஓவர்லோடு, லூஸ் கனெக்‌ஷன், கசிவு என நான்கு வெவ்வேறு நோய்க்கும் காய்ச்சல் என்று ஒரே சீட்டு எழுதினால், மக்கள் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். சித்தி செய்தது அதுதான்.

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது நான்காம் மாடியில், ஒரு வீட்டுச் சமையலறையின் ஃபிரிட்ஜில். விசாரணை ஆணையம் "மின்கோளாறு" என்றதோடு போய்விடவில்லை. நிபுணர் ஒருவர் எரிந்துபோன அந்த ஃபிரிட்ஜின் மிச்சங்களை ஆராய்ந்து, கம்ப்ரசர் ரிலேவுக்குப் போகும் ஒயரில் சரியாக அழுத்தப்படாத ஒரு இணைப்பு சூடேறியிருக்கலாம் என்று அந்த ஒரு புள்ளி வரை போனார். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு கிரிம்ப் (ஒயர் நுனியை அழுத்திப் பிடிக்கும் இணைப்பு)! இன்னொரு பக்கம், ஃபிரிட்ஜில் பிடித்த தீ ஏன் கட்டடத்தையே சுற்றிக்கொண்டது என்று பார்த்து, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த, உள்ளே பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடுகளைப் பிடித்தார்கள். காரணத்தை அந்த நுணுக்கத்தில் சொன்னால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.

வீடியோக்காரர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நானே கற்றிருக்கிறேன். ஆனால் "எம்.சி.பி. அடிக்கடி விழுதா? 32 ஆம்பியர் போடுங்க, விழாது" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வதைப் பார்த்தபோது போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 32 போட்டால் ஆமாம், விழாது. ஒயர்தான் உருகும். ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று அதை பைபாஸ் செய்யச் சொல்பவர்களும் உண்டு. முப்பது நொடியில் தீர்வு சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு லைனாகக் கழற்றி எதில் கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மதியம் ஆகும், அதை யார் ரீல்ஸ் போடுவார்கள்?

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை சில. கீசர், ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரம் ஓடியபின் அணைத்துவிட்டு, பிளக்கையும் சாக்கெட் பிளேட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த பாயிண்டை விட்டுவிடுங்கள். பிளக் பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலும், சுவிட்சுக்குள் கிர்ரென்று சத்தம் வந்தாலும், மோட்டார் போடாத நேரத்திலும் ஒரே ஒரு அறையில் மட்டும் லைட் மினுக்கினாலும் வயர்மேனைக் கூப்பிடுங்கள். 16 ஆம்பியர் பிளக்கை கன்வெர்ட்டர் வைத்து 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கினால் விழ வேண்டும். சித்தி அதை ஒரு நாளும் அமுக்கியதில்லை. "தொட்டா ஷாக் அடிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அன்றே வயர்மேன் தம்பி ஒருவரை வரவழைத்து, இழை வெட்டாமல், எல்லா இழையையும் சேர்த்துப் பிடிக்கும் லக் என்ற உலோக முனையை வைத்துப் புது சாக்கெட் போட்டோம். நியூட்ரலுக்குக் கறுப்பு ஒயர் இழுத்தோம். வந்தது வந்தாயிற்று என்று வீட்டிலிருந்த மற்ற பவர் பாயிண்ட்களையும் திறந்தோம். வாஷிங் மெஷின் பாயிண்டில் திருகு ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. கிரைண்டர் பாயிண்டில் இதே வெட்டின இழைகள், இன்னும் கருகவில்லை, அவ்வளவுதான். அதை மாற்ற ஒயர் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போன வயர்மேன் மூன்று ஞாயிறு வரவில்லை. சித்தி அதுவரை பக்கத்து வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டார்.