அலமாரிய ஏன்யா பேழை ஆக்குறீங்க

போன மாசம் இங்க மொரீசியஸ்ல, க்யூர்பிப் ஊர்ல ஒரு பழைய வீட்ட காலி பண்றாங்கன்னு வாட்ஸ்அப்புல ஒரு நோட்டீஸ் சுத்துச்சு. பிரெஞ்சுல "ஆர்ம்வார் ஆன்சியென்"னு போட்டிருந்தாங்க, அதாவது பழைய அலமாரி, அது சரி, அதுக்குக் கீழ நம்ம ஆளு யாரோ தமிழ்ல எழுதிக் குடுத்திருக்காரு, "தொல்பொருள் பேழை விற்பனைக்கு". எங்க அக்கா அதப் படிச்சிட்டு எனக்கு போன் போட்டு "ஏண்டா, அந்த வீட்ல யாராவது செத்துட்டாங்களா?"ன்னு கேக்குறா.

அவ கேட்டதுல தப்பே இல்ல. 2016ல ஜெயலலிதா, 2018ல கலைஞர், ரெண்டு பேரையும் சந்தனப் பேழைல வச்சுதான் மெரினால அடக்கம் பண்ணாங்க, டிவில நாள் பூரா அந்த வார்த்தைதான். இன்னிக்கு பேழைன்னா சனங்க கண்ணுல மொதல்ல வர்றது அதுதான். இந்த "தொல்பொருள் பேழை"ய நானே இந்த வருஷத்துல மூணு நாலு எடத்துல பாத்துட்டேன், அதான் இனிமே சும்மா இருக்க முடியாதுன்னு உக்காந்து எழுதுறேன்.

அலமாரி எங்கேர்ந்து வந்துச்சுங்கறத சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல ஆர்மான்னா ஆயுதம், ஆர்மாரியும்னா அத வைக்கிற எடம். அது போர்த்துகீசிய மொழில ஆர்மாரியோ ஆச்சு, 1498ல அவங்க கோழிக்கோட்ல வந்து எறங்குன கதைதான் தெரியுமே, அதுக்கப்புறம் முதல் ர எடத்துல ல வந்து நம்ம வாய்ல அலமாரி ஆயிடுச்சு. அதே லத்தீன் சொல் பிரெஞ்சுல ஆர்ம்வார், நம்ம மொரீசியஸ் பேச்சு மொழி கிரியோல்ல முன்னாடி ஒரு ல் ஒட்டிக்கிட்டு லார்ம்வார். ஆக பாட்டி சொன்ன அலமாரியும் பக்கத்து வீட்டு மதாம் சொல்ற லார்ம்வாரும் கூடப் பொறந்தவங்க, ஒருத்தி கோழிக்கோடு வழியா வந்தா, இன்னொருத்தி பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்தா, ரெண்டு பேரும் இந்தத் தீவுல வந்து ஒரே அறைல நிக்கிறாங்க. இத விட அழகா ஒரு சொல் நமக்கு வேற எங்க கெடைக்கும், அதப் போய் தூக்கி எறியணுமா?

பீரோன்னு சொல்லலாமேம்பீங்க. தமிழ்நாட்ல சொல்லலாம், இங்க முடியாது. பிரெஞ்சுல பீரோன்னா எழுதற மேசை, அப்புறம் அந்த மேசை இருக்கற ஆபீஸ், கிரியோல்லயும் அதே அர்த்தம்தான். மதுரைலேர்ந்து வந்த எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இங்க காத்ர் போர்ன் ஊர்ல ஒரு மரச்சாமான் கடைல போய் பீரோ எங்கன்னு கேட்டிருக்காரு, கடைப்பையன் மரியாதையா மாடிப்படிய காட்டிட்டான், ஆபீஸ் மேல இருக்காம்.

இப்ப பேழைக்கு வரேன். பேழைன்னா மூடி போட்ட பெட்டி. மேலேர்ந்து தொறக்கணும், உள்ள நகையோ பட்டோ வச்சு மூடணும். நோவா பேழைன்னு பைபிள்ல வருதே, அதுகூட மூடுன பெட்டிங்கற நெனப்புலதான். அலமாரி அப்படியா? நின்னுக்கிட்டு இருக்கு, முன்பக்கம் கதவு, உள்ள தட்டு தட்டா இருக்கு. ரெண்டும் வேற வேற சாமான். இத எடுத்துச் சொன்னா உடனே ஒருத்தர் "அதுக்குத்தான் நிலைப்பேழைன்னு ஒரு நல்ல சொல் இருக்கே"ன்னு வருவாரு. நிலைன்னா வீட்ல சட்டுனு தோணறது வாசக்காலுங்க. நிலைய புடிச்சிக்கிட்டு நிக்காதன்னுதான் அம்மா திட்டுவாங்க. நிலையும் பேழையும் சேந்தா நின்ன வாக்குல ஒரு சவப்பெட்டிதான் என் கண்ணுல நிக்குது, வேற ஒண்ணும் தோணல.

அலமாரி தமிழ் இல்லையேன்னு கேக்கறவங்க மொதல்ல ஜன்னல சாத்துங்க, மேசை மேல இருக்கற சாவிய எடுத்துக் குடுங்க, அப்புறம் பேசுவோம். மூணும் அதே போர்த்துகீசிய கப்பல்ல வந்ததுதான். பெட்டகம்னு நல்ல சொல் இருக்கு, ஒத்துக்கறேன், மேல மூடி வச்ச பெரிய மரப்பெட்டிக்கு அதையே வச்சுக்குங்க, நானும் அப்படித்தான் சொல்றேன். கதவு வச்சு நிக்கிறது அலமாரி. அவ்வளவுதான்.

தொல்பொருள் இதவிட மோசம். தொல்பொருள்னா மண்ணத் தோண்டி எடுக்கறது, கீழடில பானை ஓடு வந்துச்சே, அது. க்யூர்பிப் வீட்டு அலமாரிய யாரும் தோண்டி எடுக்கல, மாடிலேர்ந்து நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். பிரெஞ்சுல ஆன்சியென்னா பெரும்பாலும் பழைய, முன்னாள்னுதான் அர்த்தம். இவரு அத இங்கிலீஷ் ஏன்ஷியன்ட்னு நெனச்சுக்கிட்டு அதுக்குத் தமிழ் தேடியிருக்காரு. அந்தக் கணக்குல பாத்தா "ஆன்சியென் எலெவ்" முன்னாள் மாணவர் இல்ல, தொல்மாணவர். நான் படிச்ச ஸ்கூல்ல என்னைய தோண்டிதான் எடுக்கணும்.

இந்த ஊர்ல 1998ல ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருந்த எடம் கீழ எறங்கிடுச்சுன்னு எவ்வளவு கோவப்பட்டோம், பேங்க் அந்த நோட்டயே திரும்ப வாங்கிக்கற அளவுக்கு. அந்தக் கோவத்துல பத்துல ஒரு பங்கு நம்ம நோட்டீஸ்ல எழுதற தமிழ் மேல வந்திருந்தா போதும். எழுத்து எந்த எடத்துல இருக்குன்னு பாக்கறோம், என்ன சொல்லுதுன்னு யாரும் பாக்கறதில்ல.

சரி, ஆன்டிக்குக்கு தமிழ்ல என்ன, விண்டேஜுக்கு என்ன? சுங்கத்துல உலக நாடுகள் பயன்படுத்தற பட்டியல்ல 9706ன்னு ஒரு எண் இருக்கு, அதுல வர்ற ஆன்டிக் 100 வருஷம் தாண்டியிருக்கணும். விண்டேஜ் கதை வேற. அது லத்தீன்ல திராட்சை அறுவடை, பிரெஞ்சுல வான்தாஞ்ச், இங்கிலீஷ்ல போய் இன்ன வருஷத்து ஒயின்னு ஆகி, அப்புறம் ஒரு நல்ல காலத்துல செஞ்ச சாமான்னு ஆயிடுச்சு. இதுக்கு "பழங்கால"ன்னு போடறாங்க. பழங்காலம்னா ராஜா ராணி காலம்ங்க, 1960ல செஞ்ச ஃபார்மைக்கா தகடு ஒட்டுன அலமாரி பழங்காலமா?

நம்ம ஆளுங்க வயச எண்ணுல சொல்றதே இல்ல, தலைமுறைல சொல்வாங்க. விண்டேஜ்னா அப்பா காலத்து அலமாரி. ஆன்டிக்னா பூட்டன் காலத்து அலமாரி. எதுன்னு தெரியலைன்னா அந்தக்காலத்து அலமாரின்னு விட்டுடலாம், கிரியோல்லயும் லார்ம்வார் லோந்தான்னு அதேதான் சொல்றாங்க. அகராதில போடணும்னா பழம்பொருள்னு போட்டுக்குங்க, தடுக்கல. பேச்சுல இது போதும்.

அந்த க்யூர்பிப் அலமாரிய பாக்க நானும் அக்காவும் போனோம். 1735ல பிரெஞ்சுக்காரர் லாபூர்தொன்னே கவர்னரா வந்தப்புறம் புதுச்சேரிலேர்ந்து தச்சருங்க வந்து வேல செஞ்ச ஊரு இது, யாரு கண்டா, நம்ம ஆளு எவனாவது செஞ்சதா இருக்குமோன்னு ஒரு ஆச. வித்தவங்க பூட்டன் காலத்ததுன்னு சத்தியம் பண்ணாங்க. அக்கா ஒண்ணும் பேசல, டிராயர முழுசா வெளிய இழுத்து தலைகீழா திருப்புனா. மூலைல பலகை ரெண்டும் பல்லு பல்லா கோத்திருக்கும் பாருங்க, அந்தப் பல்லெல்லாம் ஒரே அளவு, மெஷின்ல வெட்டுனது, கைல வெட்டுனா ஒண்ணு தடியா ஒண்ணு ஒல்லியா இருக்கும். கீல்ல இருந்த ஸ்க்ரூ கூட்டல் குறி போட்டது, அது வந்ததே 1930கள்லதான். கீல மட்டும் மாத்தியிருந்தா பழைய ஓட்டை அடைச்ச தடம் பக்கத்துல தெரியணும், அதுவும் இல்ல. அலமாரிய கொஞ்சம் தள்ளிப் பாத்தா முதுகு ப்ளைவுட்டு. கீழ மூலைல மாவு மாதிரி தூள் கொட்டிக் கெடந்துச்சு, ஒரே பூஞ்சை வாசன, அந்த ஊரு ஈரத்துக்கு அது பரவால்ல, தூள்தான் ஆகாது, பூச்சி மரத்தத் தின்னுதுன்னு அர்த்தம்.

வெல கேட்டோம். அப்பா காலத்து அலமாரிக்கு பூட்டன் காலத்து வெல சொன்னாங்க. அக்கா டிராயர உள்ள தள்ளிட்டு கைத்தூச தட்டிக்கிட்டே வெளிய வந்துட்டா.