டைனோசருக்கு ஏன் வெள்ளை பூத்தது?

வாசகி ஒருவரின் கேள்வி: "மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு சாக்லேட்டை உருக்கி டைனோசர் அச்சுகளில் ஊற்றினேன். அச்சிலிருந்து வரவே மறுத்தது. வந்தவையும் கையில் எடுத்ததுமே இளகின. மறுநாள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை படிந்திருந்தது. பூஞ்சையா?"

பூஞ்சை இல்லை. கெட்டுப்போகவும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். அது கொழுப்பு. அச்சில் ஒட்டியது, கையில் இளகியது, வெளுத்தது ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: உருகிய சாக்லேட் தவறான படிகமாக உறைந்திருக்கிறது.

சாக்லேட் என்பது கொக்கோத் துகளும் சர்க்கரைத் துகளும் கொக்கோ வெண்ணெயில் புதைந்து கிடக்கும் கலவை. அதைக் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பது அந்த வெண்ணெய்தான். கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் உண்டு என்பது பள்ளிப் பாடம். கொக்கோ வெண்ணெயில் பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு ஒரே அமைப்பு. நடுவில் வளைந்த ஒலியிக் அமிலம், இரு பக்கமும் நேரான பால்மிடிக் அல்லது ஸ்டியரிக் அமிலம். ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால்தான் இவை ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன.

பிளாஸ்டிக் நாற்காலிகளை அவசரத்தில் தாறுமாறாகக் குவித்தால் இடமும் அடைக்கும், தொட்டால் சரியவும் செய்யும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் அதே நாற்காலிகள் கச்சிதமாக நிற்கும். கொக்கோ வெண்ணெய்க்கு இப்படி ஆறு அடுக்கு முறைகள் உண்டு என்று வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் வகைப்படுத்தினார்கள். முதல் வடிவம் சுமார் 17 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரண்டாவது 23, மூன்றாவது 25, நான்காவது 27, ஐந்தாவது 34, ஆறாவது 36.

நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். பளபளப்பாக இருக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், விரலில் சற்றுத் தாக்குப்பிடித்து நாக்கில் கரையும். நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் உறையும்போது சற்றே சுருங்கி, அச்சின் சுவரை விட்டுத் தானாகவே விலகும். வாசகியின் டைனோசர் பெரும்பாலும் நான்காவது வடிவம். சுருக்கம் போதாததால் அச்சை விடவில்லை. உருகுநிலை 27 என்பதால் கைச்சூட்டுக்கே இளகியது. இந்த வடிவம் நிலையற்றது என்பதால் நாளடைவில் ஐந்தாவதாக மாறும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் கொழுப்பு வெளியே கசிந்து, மேற்பரப்பில் படிகமாகப் பூத்தது.

உருக்கியதை அப்படியே ஆறவிட்டால் நிலையற்ற வடிவங்களே முந்திக்கொள்ளும். அவை உருவாவது எளிது. ஐந்தாவது உருவாக நேரமும் வழிகாட்டியும் வேண்டும். இதில் அழகு என்னவென்றால், வழிகாட்டி நம் கையிலேயே இருக்கிறது: கடையில் வாங்கிய, வெள்ளை பூக்காத சாக்லேட் கட்டி. அது ஏற்கெனவே ஐந்தாவது வடிவத்தில் உறைந்தது. பாலுக்குத் தயிர் உறை ஊற்றுவதைப் போல, உருகியதில் அதன் துணுக்குகளைப் போட்டால் சுற்றியுள்ள மூலக்கூறுகள் அதைப் பார்த்து அதே முறையில் அடுக்கிக்கொள்ளும்.

300 கிராம் டார்க் சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன அச்சுகளில் 25 டைனோசர் வரும். 200 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தோ, மைக்ரோவேவில் 20 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறியோ 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். பழைய படிகங்கள் அத்தனையும் அழிய இந்தச் சூடு வேண்டும். இறக்கி, மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருங்கள். 32 டிகிரி வந்ததும், கரையாத துண்டுகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஏன் 32? நான்காவது வடிவம் 27இல் உருகிவிடும், ஐந்தாவது 34 வரை தாங்கும். இடைப்பட்ட 31, 32 டிகிரியில் வேண்டாத படிகம் எதுவும் பிழைக்காது; வேண்டியது மட்டும் மிஞ்சும். சல்லடை போட்டுச் சலிப்பதை வெப்பநிலையே செய்துவிடுகிறது! மில்க் சாக்லேட்டில் பால் கொழுப்பு கலந்து உருகுநிலையைக் குறைப்பதால் 29 முதல் 30, வெள்ளைச் சாக்லேட்டுக்கு 28 முதல் 29. இவ்விரண்டையும் உருக்கும்போது 45ஐத் தாண்டவிடாதீர்கள். பால் புரதம் திரிந்து மணல் மணலாகும். 34ஐத் தாண்டி மறுபடி சூடேறினால் உறை செத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். கத்தி நுனியைத் தோய்த்து 20 டிகிரி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக உறைந்தால் ஊற்றலாம்.

உறையும்போது படிகங்கள் வெப்பத்தை வெளிவிடும். கனமான உருவங்களில் அந்தச் சூடு உள்ளேயே தங்கிப் படிகத்தைக் கலைக்கும். அதனால் ஊற்றியபின் 10, 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. மணிக்கணக்கில் வைத்தால், வெளியே எடுத்ததும் மேலே நீர் வியர்த்து, சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் வேறொரு வெள்ளை படியும். விரலால் தேய்த்துப் பாருங்கள். மறைந்தால் கொழுப்பு, சொரசொரப்பாகவே இருந்தால் சர்க்கரை.

பிரவுனியை நட்சத்திரமாக வெட்டித் தோய்க்கிறீர்கள் என்றால் அது அறை வெப்பநிலையில் இருக்கட்டும். அடுப்புச் சூடு ஆறாத பிரவுனி படிகத்தை உருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது மேலுறையைச் சடாரென்று குளிரவைத்து மங்கவைக்கும், வெடிக்கவும் வைக்கும்.

பச்சை டைனோசர் வேண்டுமென்றால் வெள்ளைச் சாக்லேட்டில் எண்ணெயில் கரையும் நிறத்தைக் கலக்க வேண்டும். தண்ணீர் கலந்த சாதாரண நிறம் சில துளி விழுந்தாலே சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் களிமண்ணாக இறுகிவிடும். எறிய வேண்டாம். வேடிக்கையாக, இன்னும் ஈரம் சேர்ப்பதுதான் மருந்து! 100 கிராமுக்கு 30 மி.லி. சூடான பால் ஊற்றிக் கிளறினால் மீண்டும் வழவழப்பாகும். அச்சில் நிற்காது, கேக் மேல் பூசலாம். நீல நிறம் கலந்தால் பச்சை தட்டும், ஏனென்றால் வெள்ளைச் சாக்லேட் உண்மையில் இளமஞ்சள்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்குக் காம்பவுண்ட் சாக்லேட் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் பனை விதை எண்ணெய் என்பதால் உருக்கி ஊற்றினால் போதும். நாக்கில் மெழுகாய் நிற்கும், அவ்வளவுதான். நிஜச் சாக்லேட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாமல் இரண்டுமே இளகிக் கெடும்.

ஜெர்மனியின் டெசி ஆய்வு மையத்தில், சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிச் சாக்லேட்டுக்குள் கொழுப்பு நகர்வதை 2015இல் கண்காணித்தார்கள். சாக்லேட்டுக்கு இவ்வளவு பெரிய கருவியா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது வீண்செலவல்ல. ஒரு கொழுப்பு எப்படி அடுக்கிக்கொள்கிறது என்ற அறிவு சாக்லேட்டோடு நிற்காது, களிம்புக்கும் மாத்திரைக்கும் உதவும். வீணாவது, சர்க்கரை தின்றால் குழந்தைகள் ஆட்டம் போடுவார்கள் என்ற நம்பிக்கையை இன்னும் கட்டி அழுவது. 1995இல் பல சோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஆட்டத்துக்குப் பலூன்களும் பத்துப் பிள்ளைகளும் போதும். கவலைப்பட வேண்டியது முழுப் பருப்புகளைப் பற்றி. ஐந்து வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால் அலங்காரத்துக்கும் வைக்காதீர்கள்.

ஆறாவது வடிவத்தை விட்டுவிட்டேன். அது உருகிய சாக்லேட்டிலிருந்து நேராக வராது. ஐந்தாவதுதான் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அதுவாக மாறும், அப்போதும் வெள்ளை பூக்கும். விருந்துக்கு ஒரு வாரம் முன்பே டைனோசர்களைச் செய்து காற்றுப்புகாத டப்பாவில் 18 முதல் 20 டிகிரியில் வைத்தால் அந்தக் கவலை இல்லை.