பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறீர்களா? முதலில் மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள்

பழைய பாய்மரப் படகுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதித் தருவது என் தொழில். "அடிமாட்டு விலைக்கு வருகிறது, வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமா?" என்று கேட்டு வருகிறவர்களில் பலர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது.

மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1960-களிலிருந்து 80-கள் வரை கட்டிய ஃபைபர் படகுகள். ஃபைபர் ஓடு அவ்வளவு சீக்கிரம் வீணாகாது. அடியில் கொப்புளங்களைப் பார்த்ததும் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அது விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய விஷயம்தான். படகை உண்மையில் கொல்வது மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்.

அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளம் என்பது இரண்டு ஃபைபர் அடுக்குகள், நடுவில் பால்சா என்ற லேசான மரம் அல்லது பிளைவுட். ஓரத்துக் கம்பி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் என்று எதை போல்ட் போட்டு மாட்டியிருந்தாலும் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்கப் பூசிய சீலன்ட் காய்ந்து விரிந்ததும் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, வெளியே வரமுடியாமல், வருஷக்கணக்கில் மரத்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். ஒரு படகில் ஓரத்துக் கம்பியின் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினேன், கறுப்புத் தண்ணீர் வழிந்தது, விரலை விட்டால் மரம் சேறாக ஒட்டிக்கொண்டு வந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரெனக் கேட்கும், ஊறிய இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம். கால் வைத்தால் அமுங்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலம் என்றால் சரி, நீங்களே அறுத்து எடுத்துப் புது மரம் வைத்து ஃபைபர் போட்டுவிடலாம். பாதித் தளமே அப்படி என்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அதன் அடியில் மாட்டியிருக்கும் கனமான பகுதி. இதில் உயிரே இருக்கிறது. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் 'சீக்கி ராஃபிகி' என்ற பிரிட்டிஷ் படகின் கீல் கழன்று, அதிலிருந்த 4 பேரையும் கடல் கொண்டுபோனது. முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அடிக்கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. அதனால் "எப்போதாவது தரைதட்டியதா?" என்று நேராகக் கேளுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். கீலும் உடலும் சேரும் கோட்டில் விரிசலோ துருக்கசிவோ இருக்கிறதா, உள்ளே போல்ட் தலைகள் எப்படி இருக்கின்றன, எல்லாம் பாருங்கள்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் கம்பிகளுக்குப் பொதுவாக 10 முதல் 15 வருஷம்தான் ஆயுள் என்று வைத்துக்கொள்வார்கள், வயது தெரியாவிட்டால் புதிதாக மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். உடலில் பதித்த தண்ணீர் வால்வுகளைச் சுரண்டினால் உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா? உடனே மாற்ற வேண்டியதுதான். அப்புறம் இன்ஜின். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள், ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

பாய், கம்பி, இன்ஜின், இதற்கு நடுவே படகு நிற்கும் இடத்துக்கு மாத வாடகை என்று எல்லாம் சேர்ந்தால் யானை கட்டித் தீனி போடும் செலவுதான். கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் நல்ல பாய்களும் ஓடுகிற இன்ஜினும் உள்ள சின்னப் படகைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

கடைசியாக, படகின் பத்திரங்கள். படகின் மேல் பழைய கடன் பாக்கி இருந்தால் பல நாடுகளில் அது படகோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டியது என்றால் பின்பக்கம், வலது புறத்தில் எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடம் கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண் தாள்களோடு ஒத்துப்போகாமலோ சுரண்டப்பட்டோ இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.