பம்பாய்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

பாய்மரப் போர்க்கப்பல்களில் பீரங்கிக் குண்டு பட்டு மூழ்கியவை குறைவு. மரம் உளுத்து வீணானவைதான் அதிகம். 1810இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கிய 'குயின் சார்லட்' என்ற பெரிய கப்பலில், கொஞ்ச காலத்திலேயே பூஞ்சை பிடித்து, மரங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

கடல்நீரில் ஊறுவதால்தான் மரம் கெடுகிறது என்று தோன்றும். ஆனால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. மேல்தளத்து இடுக்கில் கசிந்து இறங்கும் மழைநீர்தான் அதற்குத் தீனி. ஈரம் தங்கி, காற்றும் புகாவிட்டால் உள்ளிருந்தே உளுத்துவிடும். பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசும் கலப்பத்து வேலை ஓயாமல் நடந்தது இதனால்தான்.

சரி, நீருக்கு அடியில்? அங்கே கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க அடிப்பகுதியில் செப்புத் தகடு அடித்தார்கள். அப்புறம் புதுத் தொல்லை வந்தது. செம்பும் இரும்பும் கடல்நீரில் சேர்ந்தால் மின்கலம் போல வேலை செய்யும். இரும்பு ஆணி கரைந்துபோகும். பிறகு செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறினார்கள்.

இங்கிலாந்தில் கப்பல் கட்டிய ஓக் மரத்தில் உள்ள அமிலமும் இரும்பை அரிக்கும். தேக்கு அப்படியில்லை. அதன் எண்ணெய்ப் பசை இரும்பையும் காக்கும், பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது. பிரிட்டிஷ் கடற்படை பம்பாய்க்கு வந்ததற்கு இது முக்கியக் காரணம். அங்கே பார்சி வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல், 1817 அக்டோபர் 12இல் நீரில் இறங்கியது. ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வைத்தபோது பார்சி முறைப்படி வெள்ளி ஆணி அறைந்தார்கள். கப்பலுக்கு இட்ட பெயர் நம் திருகோணமலையின் பெயர், ஆங்கில வாயில் 'டிரிங்கோமலி'.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் போர்கள் முடிந்திருந்தன. வேலையில்லாமல் 1845 வரை துறைமுகத்திலேயே கிடந்தது. ஓக் கப்பலுக்கு இத்தனை நாள் சும்மா கிடப்பதே பெரிய ஆபத்து; தேக்கு தாங்கியது. பிறகு பத்து ஆண்டுகள் அட்லாண்டிக், பசிபிக் கடல்களில் ஓடியது. அதன்பின் பயிற்சிக் கப்பல். 1897இல் விற்றபோது உடைபட வேண்டியது, வாங்கியவர் 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றி, மறுபடி பயிற்சிக்கே வைத்துக்கொண்டார். 1986 வரை அதில் பிள்ளைகள் கடல் தொழில் கற்றார்கள்.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல் 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் தண்ணீர் வடித்த உலர்துறையில் நிற்கிறது. 'டிரிங்கோமலி'யோ இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் பழுது பார்த்து, பழைய பெயரோடு இன்றும் தண்ணீரில் மிதக்கிறது.