கேரியர்: சுமப்பதா, தாங்குவதா?

சென்னையில் ‘கேரியர்’ என்றால் முதலில் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். நான்கு அடுக்கு, இரண்டு பக்கமும் பட்டை, மேலே கைப்பிடி, அழுத்திப் போடும் கொக்கி. அடுத்தது சைக்கிள் கேரியர். பின்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் வைத்த கம்பி. புத்தகப் பை, அரிசி மூட்டை, தங்கச்சி, எது வேண்டுமானாலும் அதில் ஏறும். மூன்றாவது கேரியர் 262 மீட்டர் நீளம். அது ஏர்கிராஃப்ட் கேரியர், பெயர் ஐ.என்.எஸ். விக்ராந்த்.

தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் விக்ராந்தைப் பற்றி எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைக் காட்டினான். நன்றாகவே எழுதியிருந்தான். கொச்சியில் கட்டியது, 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்தது, எடை 45,000 டன் அளவுக்கு வரும் என்றெல்லாம் இருந்தது. தலைப்பில் மட்டும் ‘விமானச் சுமப்பி’ என்று போட்டிருந்தான். அதை அடித்துவிட்டு ‘விமானந்தாங்கிக் கப்பல்’ என்று எழுதச் சொன்னேன். “ஏன் சித்தி? கேரி பண்றதுன்னா சுமக்கறதுதானே?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பழக்கத்தில் தெரிந்த சொல்லுக்குக் காரணம் கேட்டால் இப்படித்தான் ஆகிறது. அவனுக்காகத் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் வண்டி. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் சக்கர வண்டி; அதுவும் கெல்டிக் மக்களிடமிருந்து லத்தீனுக்குப் போன சொல். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ‘கேரி’ வந்தது. நாம் ஓட்டும் காரும், ஸ்பானிஷ் வழியாக வந்த ‘கார்கோ’வும் அதே வேர்தான். ஆக, கேரியர் என்ற சொல்லின் அடியில் இருப்பது ஒரு பாரவண்டி. இங்கிருந்து ஏற்று, அங்கே இறக்கு. அந்தக் கணக்கில் என் அக்கா மகன் எழுதியது தவறில்லை.

ஆனால் கப்பல் செய்யும் வேலை அதுவா?

தமிழில் சுமப்பது வேறு, தாங்குவது வேறு. சுமப்பவன் நடந்துகொண்டிருக்கிறான், சுமை அவனோடு போகிறது, போய்ச் சேர்ந்ததும் இறக்கி வைக்கிறான். சுமை, சுமட்டுக்கூலி, தலையில் வைக்கும் சும்மாடு எல்லாம் அந்தக் குடும்பம். தாங்குவதற்கு நகர வேண்டியதில்லை. மேலே வந்து விழும் பாரத்துக்கு அசையாமல் இருந்து கொடுப்பதுதான் தாங்குதல். இடிதாங்கி நின்ற இடத்தை விட்டு நகராமல்தான் இடியை ஏற்று மண்ணில் இறக்குகிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், சற்றுத் தள்ளி வேடந்தாங்கல். தாங்கல் என்றால் நீரைத் தேக்கி வைத்திருக்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கலில் பறவைகள் வந்து இறங்குகின்றன, தங்குகின்றன, மறுபடி பறந்து போகின்றன. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நிற்கும்போது தலைக்கு மேல் மீனம்பாக்கத்து விமானம் தாழ்ந்து போவதைப் பார்த்தால், இந்தச் சொல் தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொண்டது போல எனக்குத் தோன்றும்.

இன்னொன்று, சுமைதாங்கிக் கல். செங்கல்பட்டுப் பக்கம் பழைய சாலை ஒன்றின் ஓரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக. அந்தக் கல்லில் கவனிக்க வேண்டியது அதன் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், துணைக்கு ஆள் கூப்பிடாமல், அப்படியே சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பிறகு அப்படியே தலைக்கு இழுத்துக்கொண்டு நடக்கலாம். விமானந்தாங்கிக் கப்பலும் அதைத்தான் செய்கிறது. பறப்பது விமானம். அது வந்து இறங்கவும், எண்ணெய் போட்டுக்கொள்ளவும், மறுபடி கிளம்பவும் நடுக்கடலில் ஓர் இடம் கொடுப்பது கப்பல்.

வரலாறும் இதே வழியில்தான் போயிருக்கிறது. தொடக்கத்தில் இந்தக் கப்பல்கள் உண்மையிலேயே சுமந்தன. 1914-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ஆர்க் ராயல், மிதவை வைத்த விமானங்களை ஏற்றிக்கொண்டு போகும். கிரேனால் கடலில் இறக்கிவிடும். அவை தண்ணீரிலிருந்து பறந்து, தண்ணீரிலேயே திரும்பி இறங்க, மறுபடி கிரேனால் தூக்கிக்கொள்ளும். அந்தக் கப்பலை ‘சுமப்பி’ என்றால் யாரும் மறுக்க முடியாது. 1917 ஆகஸ்ட் 2-ல் எட்வின் டன்னிங் என்ற விமானி, ஓடிக்கொண்டிருந்த ஃபியூரியஸ் கப்பலின் தளத்தில் தன் விமானத்தை இறக்கினார். நிறுத்துவதற்குக் கம்பி கிடையாது, கொக்கி கிடையாது. தளத்தில் நின்ற சக வீரர்கள் ஓடிப்போய், விமானத்தில் தொங்கிய வார்களைக் கையால் பற்றித் தாங்கிப் பிடித்தார்கள். ஐந்தே நாளில் இன்னொரு முயற்சியில் டன்னிங் இறந்துபோனார். ஆனாலும் சுமத்தல் தாங்கலாக மாறிய நாள் என்று நான் அந்த ஆகஸ்ட் 2-ஐத்தான் சொல்வேன். அடுத்த ஆண்டே முனையிலிருந்து முனைவரை தட்டையான தளத்தோடு ஆர்கஸ் வந்துவிட்டது. அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கி 1922-ல் வந்த லாங்லி. அதற்கு முன்னால் அது நிலக்கரி ஏற்றும் கப்பல்.

தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட முதல் கப்பல் பிரிட்டனின் ஹெர்மீஸ். அது முடிந்த இடம் நமக்குப் பக்கம். 1942 ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்கு அருகே, ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் அதை மூழ்கடித்தன. அந்த ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து சென்னையில் ஏராளமானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போன ஊர் அல்லவா? அந்தக் கப்பலின் பெயர் ‘அவன் பெரிய எம்டன்’ என்று பேச்சிலேயே தங்கிவிட்டது.

ஹெர்மீஸ் என்ற பெயரில் பின்னால் இன்னொரு கப்பலும் வந்தது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் அதுதான் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பல். அக்கா மகனுக்கு நான் கடைசியில் சொன்ன உதாரணமும் அந்தப் போரில்தான் கிடைத்தது. நின்ற இடத்திலிருந்தே எழும்பக்கூடிய ஹேரியர் போர் விமானங்கள் போதவில்லை. அட்லாண்டிக் கன்வேயர் என்ற கன்டெய்னர் கப்பலில் 14 ஹேரியர்களை ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். அங்கே போனதும் அவை அந்தக் கப்பலிலிருந்து கிளம்பி ஹெர்மீஸுக்கும் இன்வின்சிபிள் என்ற இன்னொரு விமானந்தாங்கிக்கும் மாறிக்கொண்டன. பிறகு அங்கிருந்தே போருக்குப் பறந்தன, அங்கேயே திரும்பின. மே 25-ல் அட்லாண்டிக் கன்வேயர் ஏவுகணைக்கு இரையானபோது ஹேரியர்கள் அதில் இல்லை. உள்ளே இருந்த ஹெலிகாப்டர்கள் போய்விட்டன. இரண்டு வகைக் கப்பலிலும் இருந்தவை அதே விமானங்கள்தான். அட்லாண்டிக் கன்வேயர் சுமந்தது. ஹெர்மீஸ் தாங்கியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டுவிடலாம். தமிழில் போட்டால் உறுத்தும்.

அந்த ஹெர்மீஸ்தான் 1987-ல் நம்மிடம் விராட் ஆனது. இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ஒரே கப்பல் பல வேலைக்கும் பலவகை விமானத்துக்கும் பொருந்த வேண்டும் என்று வடிவமைப்பவர்கள் பேசும்போது, தமிழில் அதை ‘நெகிழ்வான விமானந்தாங்கி’ என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். நெகிழ்தல் என்றால் இளகுதல், கட்டுத் தளர்தல். பிளாஸ்டிக்குக்கே நெகிழி என்று பெயர் வைத்துவிட்டோம். 45,000 டன் எஃகை நெகிழ்வானது என்றால் படிப்பவர் மனத்தில் என்ன படம் வரும்? பேச்சில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஈடுகொடுத்தல். இரண்டாவது ஹெர்மீஸ் 1959-ல் விமானங்களைக் கவண்போல் எறியும் விசையோடு சேர்ந்தது; அப்புறம் ஹெலிகாப்டரில் படைவீரர்களை அனுப்பும் கப்பலானது; அப்புறம் நீர்மூழ்கி வேட்டைக்குப் போனது; அப்புறம் முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டி ஹேரியர்களை ஏற்றினார்கள்; கடைசியில் 2017 வரை விராட்டாக நம்மோடு இருந்தது. அது காலத்துக்கு ஈடுகொடுத்த கப்பல். கலைச்சொல்லாகவே வேண்டும் என்றால் ‘பலபணி விமானந்தாங்கி’ போதும்.

ஈடுகொடுப்பது எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் காலி இடத்திலிருந்து. கீழே விமானம் நிறுத்தும் கொட்டகையின் உயரம், விமானத்தை மேலே ஏற்றும் லிஃப்டின் அகலம். இந்த இரண்டையும் கட்டும்போது குறுக்கிவிட்டால் பிறகு பெருக்குவது பெரும்பாடு. நம் ஊரில் வீடு கட்டும்போது, பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூணில் கம்பியை நீட்டி விட்டு வைப்போம் இல்லையா? பிரிட்டன் குயின் எலிசபெத் வகைக் கப்பல்களில் அதைத்தான் செய்தது. பிறகு வேண்டுமானால் எறிவிசையும், இறங்கும் விமானத்தை இழுத்து நிறுத்தும் பிடிகம்பியும் பொருத்திக்கொள்ளலாம் என்று வரைந்து வைத்தார்கள். 2010-ல் பொருத்தலாம் என்று முடிவெடுத்தார்கள். செலவுக் கணக்கு எகிறியதும் 2012-ல் கைவிட்டார்கள். கம்பி நீட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் மாடி எழும்புவதில்லை.

சரி, ‘விமானம்’ என்ற முதல் பாதி? அது வடசொல். அளத்தல் என்ற பொருள் கொண்ட வேர். தமிழில் அதற்கு முதலில் கருவறைக்கு மேல் எழும்பும் கோபுரம் என்ற பொருள் நிலைத்தது. புராணங்களில் தேவர்களின் ஊர்தி. எந்திரம் பறக்கத் தொடங்கிய பிறகு தாத்தா பாட்டி காலத்தில் ‘ஆகாய விமானம்’ என்று முழுசாகச் சொன்னார்கள். கோயில் விமானத்திலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த ‘ஆகாய’ தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். தூய தமிழில் வானூர்தி. அதற்குப் புறநானூற்றின் 27-ஆம் பாட்டிலேயே வேர் இருக்கிறது: ‘வலவன் ஏவா வான ஊர்தி’, அதாவது ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தி. வானூர்திதாங்கி என்று எழுதினாலும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையம் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு விமானந்தாங்கி அந்நியமில்லை. எழுதும்போது ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்: விமானந்தாங்கிக் கப்பல். தாங்கு என்ற வினையோடு ‘இ’ சேர்ந்து செய்பவரைக் குறிக்கிறது, இடிதாங்கி மாதிரி. ஈழத் தமிழில் தாங்கி என்பது டாங்கியையும் குறிக்கும் என்பதால், தலைப்புகளில் வெறும் ‘தாங்கி’ என்று சுருக்குவதும் நல்லதில்லை.

அப்படியானால் ‘சுமப்பி’ யாருக்கு உரியது? படைக்குப் பொருளும் ஆளும் ஏற்றிப் போகும் விமானத்துக்கு. அதைப் ‘போக்குவரத்து விமானம்’ என்று எழுதினால் பயணிகள் விமானம் போலத் தெரிகிறது. ‘சரக்கு விமானம்’ என்பது இன்னும் அதிகம் புழங்குகிறது. எனக்கு அதை ஏற்க முடியவில்லை. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். ஏழரை ஆண்டுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. அந்தச் செய்திகளில் ‘சரக்கு விமானம்’ என்று படித்த ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்பட்டது. சுமை விமானம் என்று சொல்லலாம். சுமை என்பதில் பொருளும் அடங்கும், உயிரும் அடங்கும். வயிற்றுப் பிள்ளையையும் சுமக்கிறோம் என்றுதானே சொல்கிறோம்?

சுமை விமானத்தைத் தேர்ந்தெடுப்பதில் எத்தனை டன் என்ற கேள்வி பாதிதான். நம் விமானப்படையிடம் இருக்கும் சுமை விமானங்களில் சி-17 சுமார் 77 டன் தூக்கும். சி-130ஜே சுமார் 20 டன். ஆனால் 2013 ஆகஸ்ட் 20-ல் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்துக் கரட்டு ஓடுபாதையில் இறக்க, எடுத்தது சி-130ஜே-யைத்தான். எந்தத் தரையில் இறங்கும், எவ்வளவு அகலமான வண்டி உள்ளே நுழையும், பின்கதவு சாய்ந்து திறக்குமா என்பதெல்லாம் டன் கணக்குக்கு முன்னால் வருகிறது. பழைய டகோட்டா விமானத்துக்கு வாலடியில் சிறு சக்கரம் என்பதால் நிறுத்தினால் அதன் உள்தரை சாய்வாக நிற்கும். மூட்டையை ஏற்றத்தில் தள்ள வேண்டும். சி-130-ஐ வரைந்தவர்கள் இறக்கையை மேலே ஏற்றி, சரக்கறையின் தரையை லாரித் தளத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி அப்படியே தள்ளிவிடலாம். சுமைதாங்கிக் கல்லை நட்டவர்கள் போட்ட அதே உயரக் கணக்கு. பழைய ஆவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக நம் விமானப்படை வாங்கும் 56 சி-295 சுமை விமானங்களிலும் ஆவ்ரோவில் இல்லாத அந்தப் பின்கதவு இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா மகன் கேட்டான்: “சுமை விமானம் விமானந்தாங்கியில இறங்குமா சித்தி?” இறங்கியிருக்கிறது. 1963-ல் சி-130 வகை விமானம் ஒன்றை ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கியில் இறக்கிப் பார்த்தார்கள். கொக்கியும் இல்லை, பிடிகம்பியும் இல்லை. 21 முறை முழுதாக இறங்கி நின்றது, 21 முறையும் எறிவிசை இல்லாமலே கிளம்பியது. கப்பல் தாங்கிவிட்டது. ஆனால் அவ்வளவு பெரிய இறக்கை தளத்தில் நிற்கும்போது மற்ற விமானங்களுக்கு இடமில்லை. கப்பலுக்குத் தபாலும் உதிரிபாகமும் கொண்டுபோகும் வேலை, இறக்கை மடங்கும் சின்ன சி-2 கிரேஹவுண்டுக்குப் போனது.